இரண்டை அமுக்காத ஊர்

என் குரலுக்கு மறுப்புச் சொல்ல மனம் வராமல் ஒரு அக்கா தன்னுடைய டயாலிசிஸ் இடத்தையே இழக்கப் பார்த்தார். என் குரல் அப்படியொன்றும் தேன் குரல் இல்லை. பள்ளியில் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுத்தபோது டீச்சர் என்னைக் கட்டுரைப் போட்டிக்கு மாற்றிவிட்டார். ஆனால் அந்த ஒரு பதிவில் மட்டும் நான் வேண்டுமென்றே மரியாதையை அள்ளிக் கொட்டியிருந்தேன். கோளாறு அங்கேதான் தொடங்கியது.

என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அவிநாசி சாலையில் ஒரு சிறிய மென்பொருள் கம்பெனியில் நான் யூஎக்ஸ் டிசைனர். டிசைனர் என்று கேள்விப்பட்டதும் எங்கள் சித்தி ஒருத்தர் பிளவுஸ் துணியோடு வீட்டுக்கு வந்துவிட்டார். ஒரு திரையில் எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன எழுதியிருக்க வேண்டும், அமுக்கினால் என்ன நடக்க வேண்டும், நடந்த பிறகு அமுக்கியவர் கதி என்ன ஆகிறது என்று யோசிப்பதுதான் என் வேலை. இதில் கடைசிப் பகுதியை எங்கள் தொழிலில் பலரும் சௌகரியமாக மறந்துவிடுவார்கள். நானும் மறந்தேன்.

துடியலூரைத் தாண்டி ஒரு அறக்கட்டளை இலவச டயாலிசிஸ் மையம் நடத்துகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் சுத்தம் செய்யும் இடம். ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும், வாரத்துக்கு இரண்டு தடவை. ஒரு முறை தவறினால் உடம்பில் நீர் ஏறும். இரண்டு முறை தவறினால் மூச்சு முட்டும். எட்டு மெஷின்கள், காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு என்று மூன்று ஷிப்டுகள். யார் எப்போது வர வேண்டும் என்பதை ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி, மையத்தின் மூத்த நர்ஸ் ஒருவரே சமாளித்துக் கொண்டிருந்தார். எல்லாரும் அவரை சிஸ்டர் என்றே கூப்பிடுவார்கள். என் வயதுதான் இருக்கும், நாற்பதை எட்டிப் பார்க்கிற வயது. அந்தப் பலகையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலை எங்களிடம் வந்தது.

நான் முறைப்படிதான் எல்லாம் செய்தேன். மூன்று நாட்கள் அங்கேயே உட்கார்ந்து கவனித்தேன். பலகையை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்தேன். அதன் இடது ஓரத்தில் நாலு நாற்பது, ஐந்து பத்து, ஆறு ஐந்து என்று பொடி எழுத்தில் சில நேரங்கள் எழுதியிருந்தன. ஷிப்டுகளோடு அவை ஒத்துப் போகவில்லை.

"இது என்னங்க சிஸ்டர்?"

"அது சும்மாதானுங்க. என்ற ஞாபகத்துக்கு."

சும்மா என்று அவர் சொன்னதால் நானும் அதைச் சும்மா என்றே எடுத்துக்கொண்டேன். ஆபீசுக்குத் திரும்பி, பலகையில் இருந்த எல்லாவற்றையும் மஞ்சள் சீட்டுகளில் எழுதி, தேவையானவை, தேவையற்றவை என்று சுவரில் இரண்டு வரிசையாக ஒட்டினேன். அந்த நேரங்கள் இரண்டாவது வரிசைக்குப் போயின.

பலகையில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பதினொரு மணி ஷிப்டில் எப்போதும் நெரிசல், ஆறு மணியில் இரண்டு மெஷின்கள் காலி. இதைக் கண்டுபிடித்ததில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொரு வாரமும் கம்ப்யூட்டரே ஆட்களை மூன்று ஷிப்டுக்கும் சமமாகப் பிரித்து, போனில் கூப்பிட்டுச் சொல்லி, சம்மதம் கேட்டுக்கொள்ளும்படி வடிவமைத்தேன். வர முடிந்தால் ஒன்றை அமுக்கலாம், முடியாவிட்டால் இரண்டை. இரண்டை அமுக்கினால் பழைய நேரமே நீடிக்கும். இதைவிட நியாயமாக எப்படிக் கேட்பது என்று நினைத்தேன்.

மையத்தின் நிர்வாகி, பஞ்சாலை ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு விதியைச் சேர்க்கச் சொன்னார். வருவதாக ஒப்புக்கொண்டு இரண்டு முறை வராமல் போனால், அந்த இடம் காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குத் தானாகப் போய்விட வேண்டும். எனக்கு அது உறுத்தியது. ஏன் வரவில்லை என்று கேட்க அதில் வழியே இல்லையே என்று தோன்றியது. ஆனால் அவர் எதிரில் உட்கார்ந்து, எனக்குக் காபி வரவழைத்து, "செஞ்சுபோடலாங்களா அம்மணி?" என்று கேட்டார்.

"செரிங்க," என்றேன்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் வளர்ப்பு அப்படி, வெளியே வரும்போது அது 'ங்க' போட்டுக்கொண்டு தலையைக் குனிந்துதான் வரும். கம்பெனியிலும் இதே கதை. முடியாது என்று தெரிந்த தேதிக்கு "பார்த்துக்கலாங்க" என்பேன், பிறகு வீட்டில் பாத்திரங்களை டம் டம் என்று வைப்பேன்.

போன் பதிவுக்கு யார் குரல் என்று கேள்வி வந்தது. வாடகைக் குரல்கள் எல்லாம் செய்தி வாசிப்பது மாதிரி இருந்தன. நோயாளிகள் முக்கால்வாசிப் பேர் நம் பக்கத்து ஆட்கள், நம் பேச்சில் கேட்டால்தான் மனசுக்கு இதமாக இருக்கும் என்று நானே பேசினேன். அந்த வாசகத்தை ஏழெட்டு முறை திருத்தியிருப்பேன். "வணக்கமுங்க. நல்லா இருக்கறீங்களா? நம்ம சென்டர்ல இருந்து கூப்பிடறமுங்க. அடுத்த வாரம் உங்களுக்குக் காலைல ஆறு மணிக்கு இடம் ஒதுக்கியிருக்கறமுங்க. உங்களுக்குச் சிரமம் ஒண்ணும் இல்லீன்னா ஒண்ணை அமுக்குங்க. வர முடியாதுன்னா ரெண்டை அமுக்குங்க." அந்த "சிரமம் ஒண்ணும் இல்லீன்னா" என்ற இடத்தில் குரலைக் கொஞ்சம் குழைத்திருந்தேன். எனக்கு அதில் பெருமை வேறு.

திரைகளைச் சிஸ்டரிடம் காட்டினேன். ஒவ்வொன்றுக்கும் "நல்லாருக்குதுங்க" என்றார். புரியுதுங்களா என்று கேட்டால் "புரியுதுங்க". ஏதாவது மாற்றணுமா என்றால் "எதுக்குங்க, இதே போதுமுங்க". பயனாளருக்கு முழுத் திருப்தி என்று அறிக்கையில் எழுதினேன். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நான், அந்த வரியைக் கொஞ்சமும் கூச்சமில்லாமல் எழுதியிருக்கிறேன்.

எங்கள் புரோகிராமர் கோட்டைமேட்டுக்காரர். மூன்று தலைமுறையாக அங்கே பாத்திரக் கடை வைத்திருக்கும் குடும்பத்தில் கம்ப்யூட்டர் பக்கம் வந்தவர் அவர் ஒருவர்தான். சந்தேகப்படுவதில் சமர்த்தர். மூன்றாவது வாரம் என் மேஜைக்கு வந்தார்.

"அக்கா, இதுவரைக்கும் ஒரு ரெண்டுகூட வரல. பட்டன் கோளாறோன்னு என் நம்பருக்கே போன் போட்டு அமுக்கிப் பார்த்தேன். வேலை செய்யுது."

"அப்போ எல்லாருக்கும் ஒத்துப் போகுதுன்னுதானே அர்த்தம்?"

"அதான் நம்ப முடியல. எங்க வீட்ல ஏழு பேரு. ஒரு பிரியாணிக்கே எல்லாரும் ஒத்துக்க மாட்டாங்க."

நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் போனார். அன்றைக்கே அவர் சொன்னதை உட்கார்ந்து யோசித்திருந்தால் இதை எழுதும் வேலை இருந்திருக்காது.

நான்காவது வாரம் திங்கட்கிழமை காலை சிஸ்டர் போன் செய்தார். எப்போதும் "ஏனுங்க, நல்லாருக்கறீங்களா, சாப்டாச்சுங்களா" என்று மூன்று படி ஏறித்தான் விஷயத்துக்கு வருவார். அன்றைக்கு ஒரு படியும் இல்லை.

"உடனே கிளம்பி வா," என்றார்.

வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். சிஸ்டர் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டிருந்தார். திரையில் ஒரு பெயர் சிவப்பாக இருந்தது. பக்கத்தில், ஒப்புக்கொண்டு இரண்டு முறை வரவில்லை, இடம் இன்று மாலை நான்கு மணிக்கு விடுவிக்கப்படும் என்று இருந்தது. அந்த வாசகமும் என்னுடையதுதான். 'ரத்து' என்று போட்டால் கடுமையாக இருக்கும் என்று 'விடுவிக்கப்படும்' என்று போட்டிருந்தேன்.

அந்தப் பெயருக்கு உரியவர் தாராபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துக்காரர். வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவர், ஐம்பதுக்குள் வயது. ஒன்றரை வருடமாகப் பதினொரு மணி ஷிப்டுக்கு வந்துகொண்டிருந்தார். முதல் பஸ்ஸைப் பிடித்து, சிங்காநல்லூரில் இறங்கி, டவுன் பஸ்ஸில் காந்திபுரம் வந்து, அங்கிருந்து துடியலூர் பஸ் ஏற வேண்டும். என் கம்ப்யூட்டர் சமமாகப் பிரிக்கும் கணக்கில் அவரை ஆறு மணிக்கு மாற்றியிருந்தது. போனில் சம்மதம் கேட்டது. அவர் ஒன்றை அமுக்கியிருந்தார்.

போன திங்கட்கிழமை அவர் வந்து சேர்ந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. மெஷினில் வேறு ஆள் இருந்தார். சாயங்காலம் வரை உட்கார வைத்து, கடைசியில் இரண்டு மணி நேரம் மட்டும் சிஸ்டரால் இடம் ஒதுக்க முடிந்தது. வியாழக்கிழமை அவர் வரவே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் முகமெல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல், பக்கத்து வீட்டுக்காரர்களின் காரில் கொண்டு வந்தார்கள். சிஸ்டர் இருக்கிற வேலையை எல்லாம் நிறுத்திவிட்டு அவரை மெஷினில் போட்டிருக்கிறார்.

"இன்னொரு அரை மணி நேரம் ஆகியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு தெரியாது," என்றார்.

 பயத்தில் நான் வாயைத் திறந்து முட்டாள்தனமாக ஒன்றைச் சொன்னேன்.

"அவங்கதான் ஒண்ணை அமுக்கியிருக்காங்க சிஸ்டர்."

அவர் கதவுக்குப் பின்னால் போய், அங்கே சாத்தி வைத்திருந்த பழைய வெள்ளைப் பலகையை இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினார். இடது ஓரத்தில் விரலை வைத்தார்.

"இது தாராபுரம் பஸ்ஸு. இது சத்தியமங்கலம். இது அன்னூர்ப் பக்கத்து மினி பஸ்ஸு. பஸ்ஸுல வர்றவங்களுக்குப் பதினொண்ணு. உள்ளூர்க்காரங்களுக்கு ஆறு. ஆறு மணில ரெண்டு மெஷினு எதுக்குக் காலியா வெச்சிருக்கறேன்? நேத்து ராத்திரி மூச்சுத் திணறுனவங்க காலைல இங்கதான் வருவாங்க. அவிங்களுக்கு."

"சும்மான்னு சொன்னீங்களே!"

"நாலு பேருக்கு ஊசி குத்திட்டிருந்தேன். நீங்க பாட்டுக்குப் போட்டோ எடுத்துட்டிருந்தீங்க. அப்ப உட்கார்ந்து பாடமா நடத்த முடியும்?"

"அப்புறமாவது சொல்லியிருக்கலாம். திரையெல்லாம் காட்டினேன். நல்லாருக்குதுன்னு சொன்னீங்க."

"வேகாத வெயில்ல வண்டியோட்டிட்டு வந்து ஆசை ஆசையாக் காட்டறீங்க. நல்லால்லீன்னு யாராச்சும் மூஞ்சிக்கு நேரா சொல்லுவாங்களா?"

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு நின்றோம். அவர் கோபத்தில் 'ங்க' திரும்பி வந்திருந்ததை நான் கவனித்தேன். அது எனக்குக் கொஞ்சம் தைரியம் கொடுத்தது.

"சரி, நீங்க எப்படிக் கேப்பீங்க? ஷிப்ட் மாத்தணும்னா?"

"வர முடியுமான்னு நான் ஒருத்தர்கிட்டயும் கேட்டதே இல்லீங்க. கேட்டா முடியுமுன்னுதான் சொல்லுவாங்க. எந்த பஸ்ஸுக்கு வாரீங்கன்னு கேப்பேன். பஸ்ஸு பேரைச் சொன்னாங்கன்னா எனக்கே தெரிஞ்சுபோகும்."

அந்த அக்கா சனிக்கிழமையிலிருந்து அங்கேயே படுக்கையில் இருந்தார். அன்றைக்குப் பதினொரு மணி ஷிப்டில் மெஷினில் போட்டிருந்தார்கள். முகத்தில் வீக்கம் பாதி வடிந்திருந்தது. நான் போய்ப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார்.

"நீங்கதானுங்களா போன்ல பேசற புள்ள?"

ஆமாம் என்றேன். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை என்னால் தாங்க முடியவில்லை.

"எத்தனை மரியாதையாப் பேசறீங்க கண்ணு. எங்கூட்ல அப்படி ஒருத்தரும் கேக்கறதில்லை."

"ரெண்டை அமுக்கியிருக்கலாமேங்க அக்கா. ஆறு மணிக்கு வர முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்களா?"

"தெரியுமுங்க. ஆனா சும்மா குடுக்கறாங்க. குடுக்கறவங்ககிட்ட எனக்கு இந்த நேரம்தான் வேணுமுன்னு சொல்றதுங்களா? நீங்களும் சிரமம் இல்லீன்னான்னு அப்படிக் கேட்டீங்க. செரிங்க அம்மணி, வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டுத்தான் ஒண்ணை அமுக்குனேன்."

பதிவு செய்த குரலுக்கு அவர் வாய் திறந்து பதில் சொல்லியிருக்கிறார். ஒருவேளை எல்லோருமே சொல்லியிருப்பார்கள். நான் அழுதுவிட்டேன். அவர் ஊசி குத்தாத கையால் என் முழங்காலைத் தட்டி, "ஏன் கண்ணு, எனக்கு ஒண்ணும் ஆகலீங்களே," என்றார். அவரது இடம் மாலை நான்கு மணிக்குப் போகப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. சிஸ்டர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

வராந்தாவுக்கு வந்து புரோகிராமருக்குப் போன் செய்தேன்.

"நிறுத்திரலாம்க்கா, ஒரு நிமிஷ வேலை. ஆனா நிர்வாகி சொல்லாம நான் கை வைக்க முடியாது. அவங்க விதி அது."

நிர்வாகியின் அறைக்குப் போகும்போது மணி பன்னிரண்டரை. சிஸ்டரும் வந்தார். நிர்வாகி கெட்ட மனிதர் இல்லை, அதுதான் சங்கடம். கெட்டவராக இருந்தால் சண்டை போடுவது எனக்கு எளிது. அவர் என்னை உட்காரச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"பாவந்தானுங்க. ஆனா அவங்களே ஒத்துக்கிட்டிருக்காங்க. ரெக்கார்டு இருக்குது. லிஸ்ட்ல முதல்ல இருக்கறவரு மூணு மாசமாக் காத்திட்டிருக்காரு. நகையை வித்து வெளியில பண்ணிட்டிருக்காரு. அவருக்கு நான் என்னங்க பதில் சொல்றது?"

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. அவர் காபி சொல்ல மணியை அடித்தார். "அம்மணி, உங்களுக்கே தெரியுமில்லைங்க. விதின்னு வெச்சா எல்லாருக்கும் ஒண்ணாத்தானுங்களே இருக்கோணும்?"

நாக்கு நுனியில் 'செரிங்க' வந்து உட்கார்ந்துவிட்டது. நாற்பது வருடப் பழக்கம். அந்தக் கணத்தில் அந்த அக்காவின் விரல் ஒன்றாம் எண்ணின் மேல் இருப்பதை நான் பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். ஆறு மணிக்கு வர முடியாது என்று தெரிந்தே அவர் அமுக்கிய அதே பட்டனை நானும் அமுக்கப் போனேன்.

"இல்லீங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டரும் பார்த்தார்.

"அந்த ரெக்கார்டு பொய்ங்க. அந்த அக்கா ஒத்துக்கலீங்க, நான்தான் ஒத்துக்க வெச்சேன். விதி சரியா தப்பான்னு அப்புறம் பேசலாங்க. நான் கேட்ட கேள்வி தப்புங்க."

சொல்லி முடித்தபோது காது இரண்டும் சூடாக இருந்தன.  நான் போனை எடுத்து அந்தப் பதிவை ஓடவிட்டேன். அறையில் என் குரல் வணக்கம் சொல்லி, நலம் விசாரித்து, குழைந்தது. ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்டபோது எனக்கு என் மேலேயே எரிச்சலாக இருந்தது. ரெண்டை அமுக்குங்க என்று வந்த இடத்தில் என் குரலில் ஒரு சின்ன வருத்தம்கூட இருந்தது. அது எப்படி வந்து சேர்ந்ததென்று தெரியவில்லை, நான் திட்டமிடவில்லை.

"இதுவரைக்கும் யாராச்சும் ரெண்டை அமுக்கியிருக்கறாங்களா?" என்று கேட்டார் நிர்வாகி.

"ஒருத்தருமில்லீங்க."

அவர் இன்னொரு முறை போடச் சொன்னார். போட்டேன். கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"என்னையக் கூப்பிட்டிருந்தாலும் நான் ஒண்ணைத்தான் அமுக்கியிருப்பனுங்க," என்றார்.

புரோகிராமருக்கு அவரே போன் செய்து நிறுத்தச் சொன்னார். மணி ஒன்று. நான் வெளியே வந்து தண்ணீர் குடித்தேன். சிஸ்டர் பின்னால் வந்து, "பரவால்லியே, பேச வருதே உங்களுக்கு," என்றார். அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

பட்டியலில் முதலில் இருந்தவரையும் இங்கே சொல்லியாக வேண்டும். அவர் இன்னும் ஒன்றரை மாதம் காத்திருந்தார். ஒரு நோயாளி பெங்களூரில் மகன் வீட்டோடு போய்விட்டதால் அவருக்கு இடம் கிடைத்தது. அந்த ஒன்றரை மாதம் அவர் வீட்டில் எப்படிக் கழிந்தது என்று எனக்குத் தெரியாது. என் தவறைத் திருத்தியதன் விலையில் ஒரு பங்கை அவர் கொடுத்தார். அவரிடம் நான் இதைப் பற்றிப் பேசியதில்லை.

அந்த வாரமே நானும் சிஸ்டரும் புரோகிராமரும் நர்ஸ்களின் மேஜையில் உட்கார்ந்தோம். இந்த முறை நான் எதையும் காட்டவில்லை. பலகையை நடுவில் வைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லி, இவரை எதற்கு இந்த நேரத்தில் போட்டீர்கள் என்று மட்டும் கேட்டேன். சிஸ்டர் மாவு ஆட்டிக்கொண்டே பேசுகிறவர் போல, கையில் வேலை இருந்தால்தான் பேசுவார். அதனால் பஞ்சு உருண்டைகளைப் பொட்டலம் கட்டிக்கொண்டே சொன்னார். இவருக்கு அன்னூரிலிருந்து மினி பஸ், அது மழை வந்தால் வராது. இந்த இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துத் தெரு, ஒரே ஆட்டோவில் வருவார்கள், பிரித்தால் ஆட்டோ கட்டுபடியாகாது. இந்த அம்மா பேரனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்ப முடியும். நான் நெரிசல் என்று நினைத்தது ஒன்றுக்குள் ஒன்று கோத்து நின்ற ஏற்பாடு. நான் அதைச் சமமாக்குகிறேன் என்று பிடித்து இழுத்திருக்கிறேன்.

"பஸ் டைம் மாறினா என்ன செய்யறது? நமக்கு யார் சொல்லுவாங்க?" என்று புரோகிராமர் மடக்கினார்.

"அவிங்களே சொல்லுவாங்க தம்பி. நேரத்தைக் கேட்டாத்தான் கூச்சப்படுவாங்க. பஸ்ஸைப் பத்திக் கேட்டாப் போதும், டிரைவரு வரைக்கும் திட்டுவாங்க."

சமமாகப் பிரிக்கும் பகுதியை மொத்தமாகத் தூக்கினோம். விதியை நிர்வாகியே மாற்றினார், இடத்தை இனி கம்ப்யூட்டர் விடுவிக்காது, சிஸ்டர் பேசிய பிறகு மனிதர்கள்தான் முடிவு செய்வார்கள். போன் வாசகத்துக்கு வந்தபோது நான் எழுதிய முதல் வரியைச் சிஸ்டர் அடித்தார். அதில் மறுபடியும் ஒரு 'சிரமம்' இருந்தது. அவர் குரலிலேயே பதிவு செய்யலாம் என்றேன்.

"என்ற குரல்ல கேட்டா பயந்துட்டு நடந்தே வந்துருவாங்க. நீங்களே பேசுங்க. கொஞ்சாமப் பேசுங்க."

கொஞ்சாமல் பேசினேன். எந்த நாள், எந்த நேரம் என்று சொல்லிவிட்டு, அதற்கு எதில் வருவீர்கள் என்று கேட்டேன். பஸ் இருந்தால் ஒன்று. வேறு வண்டி என்றால் இரண்டு. சிஸ்டர் கூப்பிட வேண்டும் என்றால் மூன்று. முடியாது என்ற சொல் அதில் எங்குமே இல்லை.

ஐந்தாறு வாரம் கழித்து மூன்று மெஷின்களைப் பழுது பார்க்க வேண்டி வந்தது. ஒரு வியாழக்கிழமைக்கு மட்டும் பதினொரு மணி ஆட்களில் மூன்று பேரை வேறு நேரத்துக்குக் கேட்க வேண்டும். சிஸ்டர் வேண்டுமென்றே அந்த அக்காவையும் சேர்த்துக் கேட்கச் சொன்னார். அவர் மறுத்தால் அவருக்குப் பதிலாக உள்ளூர்க்காரர் ஒருவரைத் தயாராக வைத்திருந்தார். மத்தியானம் மூன்று மணிக்கு போன்கள் போயின. நாங்கள் மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

முதல் ஆள் ஒன்று. இரண்டாவது ஆள் இரண்டு, அவரை மகன் வண்டியில் கொண்டு வந்து விடுவார். அக்காவின் பெயருக்கு எதிரே வெகு நேரம் எதுவும் வரவில்லை. போன் எடுத்தாகிவிட்டது, கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் காட்டியது. புரோகிராமர் நகத்தைக் கடித்தார். தாராபுரத்துக்கு அப்பால் ஒரு வீட்டில், தையல் மெஷினுக்குப் பக்கத்தில், என் குரலுக்கு அவர் வாய்விட்டு ஏதோ பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

மூன்று என்று விழுந்தது.

சிஸ்டர் மேஜைப் போனை எடுத்து எண்ணை அமுக்கி, எங்களுக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க்கா, நல்லாருக்கறீங்களா? எந்த பஸ்ஸுக்கு வாரீங்க?"

"சிஸ்டருங்களா? கோவிச்சுக்காதீங்க." ஒரு மூச்சு விட்டார். "அந்த நேரத்துக்கு எங்கூர்ல பஸ்ஸே இல்லீங்க. என்னால வர முடியாதுங்க."

"கோவிச்சுக்கறதுக்கு என்னங்க இருக்குது. எப்பவும் போலப் பதினொண்ணுக்கே வாங்க."

"செரிங்க," என்றார் அக்கா. பிறகு, "அந்தப் போன்ல பேசற புள்ளைகிட்டச் சொல்லிப்போடுங்க, ஒண்ணும் நெனச்சுக்க வேண்டாமுன்னு."

சிஸ்டர் போனை என் பக்கம் நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.